மறுத்துப் பேசும் மரியாதை

மே மாதம் புதுச்சேரியில் கம்பன் விழா. கதிர்காமம், முத்தியால்பேட்டை, தட்டாஞ்சாவடி என்று நகரின் எல்லாப் பக்கத்திலிருந்தும் தமிழ் கேட்கும் ஆசை உள்ளவர்கள் கம்பன் கலையரங்கம் நோக்கிக் கிளம்புவார்கள். அந்த விழாவில் அழகான வழக்கம் ஒன்று உண்டு. பட்டிமண்டபத்தில் நடுவர் தீர்ப்புச் சொன்னதோடு வழக்கு முடிந்துவிடாது. அந்தத் தீர்ப்பு பொருந்தாது என்று மேல்முறையீடு செய்யலாம். அதைக் கேட்க வேறு நடுவர்கள் அமர்வார்கள். தீர்ப்பளித்தவர் எவ்வளவு பெரிய தமிழறிஞராக இருந்தாலும், அவர் முடிவு தவறு என்று மேடையேறிச் சொல்ல இடம் இருக்கிறது. சொல்கிறவரும் அவர் மனம் நோகாமல்தான் சொல்கிறார்.

நாலு பேர் கூடிய இடத்தில் இப்படிப் பேசுவது எளிதா? குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் தண்ணீர்க் குழாய் பற்றிப் பேச்சு எடுத்த பத்தாவது நிமிடம், பேச்சு குழாயை விட்டு ஆளின் மேல் பாய்ந்துவிடுகிறதே!

தமிழர் இந்தச் சிக்கலை நெடுங்காலமாக யோசித்திருக்கிறார்கள். மணிமேகலையின் முதல் காதையில், புகார் நகரத்து இந்திர விழாவுக்கு முரசறைந்து அறிவிப்புச் செய்கிறார்கள். வாழையும் கமுகும் நடுங்கள், பழைய மணலை மாற்றிப் புது மணல் பரப்புங்கள் என்று சொல்லிக்கொண்டே வரும் அந்த அறிவிப்பு, வாதிட வல்லவர்கள் பட்டிமண்டபத்தின் முறை தெரிந்து ஏற வேண்டும் என்கிறது. பகைவரைக் கண்டாலும் சினமும் பூசலும் கொள்ளாமல் விலகிச் செல்லுங்கள் என்றும் சொல்கிறது. திருவிழா ஏற்பாடுகளில் ஒன்றாகப் பேச்சு ஒழுக்கத்தையும் சேர்த்த ஊர் அது. திருக்குறளிலோ அவையறிதலுக்கு ஓர் அதிகாரம், அவையஞ்சாமைக்குத் தனியாக இன்னோர் அதிகாரம்.

1939இல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகம் தொடங்கினார். அத்தகைய இலக்கிய மேடைகளில்தான் இன்றைய பட்டிமன்றம் வளர்ந்தது. குன்றக்குடி அடிகளார் போன்றவர்கள் நடுவராக அமர்ந்து அதற்குக் கனம் சேர்த்தார்கள். அதன் விதிகள் சில. எல்லாருக்கும் ஒரே அளவு நேரம். மணி அடித்தால் முடிக்க வேண்டும். முதல் மேடை ஏறும் கல்லூரி மாணவிக்கும், முப்பது ஆண்டு பேசிப் பழகியவருக்கும் கணக்கு ஒன்றுதான். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது. எதிரணி சொன்னதை எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும். ஆகவே நல்ல பட்டிமன்றப் பேச்சாளரைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், அவர் பேசாமல் உட்கார்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். கையில் பேனா இருக்கும், காது எதிரணியிடம் இருக்கும்.

கம்பனைப் பேசுகிறவர்களுக்குக் கம்பனே இதற்குப் பாடம் வைத்திருக்கிறான். அடைக்கலம் கேட்டு வீடணன் வந்து நிற்கிறான். சேர்த்துக்கொள்ளலாமா என்று இராமன் தன்னைச் சூழ்ந்திருப்பவர்களைக் கேட்கிறான். சுக்கிரீவன் கூடாது என்கிறான். வயதில் மூத்த சாம்பவானும் கூடாது என்கிறான். படைத்தலைவன் நீலன் கருத்தும் அதுவே. அனுமன் பேசாமல் இருக்கிறான். உன் எண்ணம் என்ன என்று இராமன் அவனைப் பார்த்துக் கேட்ட பிறகே வாய் திறக்கிறான். அவன் நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். சுக்கிரீவன் அரசன், அனுமன் அவனுடைய அமைச்சன். தன் அரசனையே சபை நடுவில் மறுக்க வேண்டியிருக்கிறது.

முதலில், பெரியவர்கள் எண்ணியது நல்ல நோக்கத்தோடு எண்ணியதுதான் என்று ஒப்புக்கொள்கிறான். ஆனாலும் தனக்குச் சொல்ல ஒன்று உண்டு என்கிறான். வீடணனைத் தீயவன் என்று தான் ஐயப்படவில்லை என்று நேராகச் சொல்லிவிடுகிறான். பிறகு சான்றுகளை அடுக்குகிறான். பிடிபட்ட தன்னைக் கொல்ல இராவணன் ஆணையிட்டபோது, தூதரைக் கொல்வது முறையன்று எனத் தடுத்தவன் வீடணன். இரவில் இலங்கையில் தேடித் திரிந்தபோது அவன் மாளிகையில் கள்ளும் ஊனும் கண்ணில் படவில்லை. சீதைக்கு ஆறுதலாக இருந்த திரிசடை அவன் மகள். எல்லாம் அனுமன் இலங்கைக்குப் போய் அறிந்து வந்தவை. கடற்கரையில் இருந்தவர்களுக்குத் தெரியாதவை. பணிவு, துணிவு, சான்று என்ற அந்த வரிசைதான் அவன் சொல்லைச் சபை ஏறச் செய்தது. இராமன் வீடணனை ஏற்கிறான்.

காவியம் இருக்கட்டும், இன்றைக்கு இது உதவுமா என்று கதிர்காமத்தில் இருக்கும் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரியின் மாணவர் ஒருவர் கேட்கலாம். அவர் துறையிலேயே பதில் இருக்கிறது. 2008இல் உலக சுகாதார நிறுவனம் அறுவைச் சிகிச்சைக்கென 19 அம்சங்கள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. கத்தி வைக்கும் முன் அறையில் உள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பொறுப்பையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். செவிலியரும் மயக்க மருத்துவரும் தமக்குள்ள கவலையைச் சொல்ல வேண்டும். டெல்லி உட்பட 8 நகரங்களின் மருத்துவமனைகளில் சோதித்தபோது, இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்ததென 2009இல் ஆய்வு வெளியானது. மருந்து, ரத்த இழப்பு பற்றிய அம்சங்களும் பட்டியலில் உள்ளன. முழுப் பலனையும் பேச்சின் கணக்கில் எழுத முடியாது. ஆனாலும் தலைமை மருத்துவர் முன்னால் இளையவர் வாய் திறக்க ஒரு முறை வகுத்திருக்கிறார்கள் என்பது பெரிய செய்தி.

பட்டிமன்றத்தை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது தொலைக்காட்சி. மதுரைத் தமிழ்ப் பேராசிரியர் சாலமன் பாப்பையாவின் குரலைக் கேட்காத பொங்கலும் தீபாவளியும் உண்டா? சிரிக்க வைப்பது குற்றமே இல்லை. வருத்தம் வேறு இடத்தில். பல மேடைகளில் எதிரணிப் பேச்சாளரின் நிறமும் உருவமும் கேலிக்கு ஆளாகின்றன. மருமகளும் மனைவியும் ஆண்டு தவறாமல் கூண்டில் ஏறுகிறார்கள். கைதட்டல் கிடைக்கிறது, வாதம் காணாமல் போகிறது. எதிரணி சொன்னதற்குப் பதிலே வருவதில்லை.

பள்ளிகளிலும் இதைக் காணலாம். ஆசிரியர் எழுதிக் கொடுத்ததை மாணவர் மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார். எதிரணி என்ன பேசினாலும் அவருக்குக் கவலை இல்லை. இதை மாற்றப் பணம் வேண்டாம். எந்த அணி என்பதை மேடையிலேயே சீட்டுக் குலுக்கிப் போடலாம். முந்தையவர் சொன்னதைச் சுருக்கிச் சொல், சரிதான் என்று அவர் தலையாட்டட்டும், பிறகு மறுத்துப் பேசு என்று ஒரு விதி வைக்கலாம். அந்த ஒரு விதிக்கே பாதி மதிப்பெண் கொடுக்கலாம்.