எழும்பூரில் இறங்கியதும்

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஒருவர் முதன்முதலாகச் சென்னைக்குக் கிளம்புகிறார் என்று தெரிந்தால் போதும், தெருவே புத்தி சொல்ல வந்துவிடும். "மெட்ராஸுக்கா போறிய? பையைக் கையை விட்டு இறக்கிராதீங்க" என்பார் ஒருவர். "ஆட்டோவில ஏறுமுன்ன ரேட்டைப் பேசிக்கிடுங்க" என்பார் இன்னொருவர். மூன்றாவது ஆள் பட்டியலே வாசிப்பார்: மெரினா, அண்ணா சமாதி, எம்.ஜி.ஆர். சமாதி, வடபழனி கோயில், தி. நகர், வண்டலூர், அப்படியே மாமல்லபுரம். இத்தனையும் இரண்டே நாளில்! போய்விட்டு வந்தவரிடம் "ஊர் எப்படி இருந்தது?" என்று கேட்டால், "ஒரே கூட்டம், ஒரே வெக்கை" என்று இரண்டு வார்த்தையில் முடித்துக்கொள்வார்.

நம் பெரியவர்கள் காலத்தில் பட்டியல் இவ்வளவு நீளம் இல்லை. சென்ட்ரல் ஸ்டேஷன், கடற்கரை, எல்.ஐ.சி. கட்டடம், முடிந்தது. 1959-இல் திறந்த அந்தக் கட்டடத்தை அண்ணாந்து பார்த்து மாடிகளை எண்ணிவிட்டு வந்தவருக்கு ஊரில் ஒரு மரியாதையே இருந்தது. இன்றைக்கு அதைவிட உயரமான கட்டடங்கள் சென்னையில் எத்தனையோ. உயரத்தையும் கூட்டத்தையும் பார்த்து வருகிற மலைப்பு, ரயில் தாம்பரம் தாண்டுவதற்குள் போய்விடும்.

அதனால் முதன்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். தெரியாத ஊரைத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்குங்கள். தாமிரபரணிக்கரைக்காரருக்குச் சென்னையில் தெரிந்த இடம் ஏது என்று கேட்கிறீர்களா? இருக்கிறது. இறங்குகிற இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

நம் ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையம் ஆற்றுக்குத் தென்கரையில், புதுக்குடிப் பக்கம். அங்கே ராத்திரி செந்தூர் எக்ஸ்பிரஸில் ஏறினால் மறுநாள் காலை எழும்பூர். ஸ்டேஷனிலிருந்து கால்மணி நேரம் நடந்தால் பாந்தியன் சாலையில் அரசு அருங்காட்சியகம். 1851-இல் தொடங்கியது. பழைய சென்னைக்காரர்கள் இதைச் 'செத்த காலேஜ்' என்பார்கள்; மிருகக்காட்சி சாலை 'உயிர் காலேஜ்'. வெள்ளிக்கிழமை விடுமுறை, அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பல பேர் இங்கே வெண்கலச் சிலைகளைப் பார்க்க வருவார்கள், அமராவதிச் சிற்பங்களைப் பார்க்க வருவார்கள். நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, "ஆதிச்சநல்லூர்ப் பொருள்கள் எங்கே இருக்கு?" என்பதைத்தான்.

முதுமக்கள் தாழிகள் புதைந்த ஆதிச்சநல்லூர்ப் பறம்பு நமக்குச் சில கிலோமீட்டர்தான். திருச்செந்தூர் சாலையில் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகச் செம்மண் மேடாகப் பார்த்திருப்போம். 1876-இல் பெர்லினிலிருந்து வந்த ஜாகர் அங்கே தோண்டி, கிடைத்ததை ஜெர்மனிக்குக் கொண்டுபோனார். பிறகு 1899-இலிருந்து 1905 வரை தொல்லியல் துறை அதிகாரி அலெக்சாண்டர் ரீ விரிவாகத் தோண்டினார். அவர் எடுத்தவைதாம் எழும்பூருக்குப் போயின. இரும்பு வாள், ஈட்டி முனை, மெல்லிய பொன் தகட்டில் செய்த நெற்றிப்பட்டம், வெண்கலத்தில் எருமை, சேவல்.

அந்த எருமையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். உள்ளங்கையில் அடங்குகிற சிறு உருவம். ஆனாலும் கொம்பு வளைவைப் பார்த்தால் ஆற்றங்கரையில் எருமையைத் தினமும் பார்த்தவன் கை தெரியும். வெளியூர்க்காரர் அந்தக் கண்ணாடிப் பெட்டியை அரை நிமிஷத்தில் கடந்துவிடுவார். நமக்கு அப்படிக் கடக்க முடியாது. பெரிய நகரத்தின் நடுவில், நம்மூர் மண்ணுக்கு அடியில் கிடந்த பொருளை, நாம் ரயிலேறி வந்து பார்க்கிறோம். அந்த அரை மணி நேரத்தில் சென்னை மேல் இருந்த பயம் பாதி கழன்றுவிடும்.

பார்த்து முடித்ததும் கால் வலிக்கும், காபி கேட்கும். நல்ல காபிக்கடையைக் கண்டுபிடிப்பது எப்படி? கைப்பேசியில் நட்சத்திரம் எண்ணுவதைவிடச் சுலபமான வழிகள் உண்டு. பக்கத்தில் காபிக்கொட்டை வறுத்து அரைக்கிற கடை இருக்கிறதா என்று பாருங்கள். வாசனையே கூட்டிக்கொண்டு போகும். கடை வாசலில் நின்று குடிக்கிறவர்களைப் பாருங்கள். பக்கத்து ஆபீஸ்காரரும், பூ விற்கிற அம்மாவும், ஆட்டோக்காரரும் ஒன்றாக நின்றால் அந்தக் கடையை நம்பலாம். பிறகு மாஸ்டர் கையைக் கவனியுங்கள். டம்ளரில் சீனி, அதன்மேல் இரண்டு விரற்கடை டிகாஷன், பிறகு கொதிக்கிற பால். ஒரே வீச்சில் ஆற்றி, நுரைக்கு மேலே கடைசியாக ஒரு சொட்டு டிகாஷன் விடுகிறார் பாருங்கள், அது தேர்ந்த கை. "சீனி கம்மி, ஸ்ட்ராங்கா" என்று தயங்காமல் சொல்லுங்கள்.

இப்போது கண்ணாடிக் கதவு போட்ட கஃபேக்களும் தெருவுக்குத் தெரு வந்துவிட்டன. 1996-இல் பெங்களூரு பிரிகேட் சாலையில் கஃபே காபி டே முதல் கடை திறந்தபோது அது புதுமை. இன்று நுங்கம்பாக்கத்திலும் பெசன்ட் நகரிலும் அப்படிப்பட்ட கடைகள் ஏராளம். உள்ளே போகக் கூச்சப்படுகிறவர்கள் அதிகம், பலகையில் எழுதியிருப்பது புரியாது என்பதால். விஷயம் சின்னதுதான். நம் வீட்டு ஃபில்டரில் வெந்நீர் தானாகச் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. அங்கே எந்திரம் வெந்நீரை அழுத்தி, அரை நிமிஷத்துக்குள் தூளுக்குள் செலுத்திச் சாறு எடுக்கிறது. பாலில்லாத அந்தச் சாறுதான் எஸ்பிரெஸ்ஸோ. அதில் வெந்நீர் விட்டால் அமெரிக்கானோ, பால் நிறைய விட்டால் லாட்டே, பாலோடு நுரையும் தடியாக நின்றால் கப்புச்சினோ. விலை அதிகம்தான். அந்த விலையில் ஒரு மணி நேர நாற்காலி, குளிர்ந்த காற்று, கழிப்பறை, கைப்பேசிக்குச் சார்ஜ் எல்லாம் சேர்த்தி. பகல் முழுக்க வெயிலில் சுற்றிய குடும்பத்துக்கு அது வீண்செலவு இல்லை.

தயங்குகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். காபிக்கடையில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்பது இந்த நாட்டில் ஒரு காலத்தில் இருந்ததில்லை. காபியே நமக்குப் புதிது. அதற்கு முன்பு காலையில் நீராகாரம்தான். அந்த மாற்றத்தைப் பற்றி ஆ.இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்று விரிவாக எழுதியிருக்கிறார். காபி கிளப்புகள் பெருகியபோது அவற்றில் சாதி பார்த்து இடம் ஒதுக்குவதும் சேர்ந்தே வந்தது. 1957-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் முரளி கஃபேயின் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியார் மறியல் நடத்தினார். நாள்தோறும் தொண்டர்கள் கைதானார்கள். மாதக்கணக்கில் நடந்து, கடைசியில் அந்தச் சொல் பலகையிலிருந்து இறங்கியது. அவ்வளவு பேர் சிறைக்குப் போய் வாங்கிக் கொடுத்த உரிமை அது. கண்ணாடிக் கதவைக் கண்டு நாம் ஏன் தயங்க வேண்டும்?

திருவல்லிக்கேணி என்றதும், இரண்டாவது நாளை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். பறக்கும் ரயிலில் போகலாம். பெண்களுக்குச் சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் டிக்கெட்டே வேண்டாம், நம்மூர் டவுன் பஸ்ஸில் மாதிரியே. நூற்றெட்டுத் திருப்பதியில் நம் கள்ளபிரான் கோயிலும் ஒன்று, அங்குள்ள பார்த்தசாரதி கோயிலும் ஒன்று. நவதிருப்பதியைச் சுற்றி வளர்ந்தவருக்கு அந்தக் கோயிலுக்குள் வழி யாரும் சொல்ல வேண்டியதில்லை. கொடிமரம் எங்கே, தாயார் சந்நிதி எங்கே என்று கால் தானாகப் போகும். மூலவருக்கு மீசை இருப்பதை மட்டும் மறக்காமல் பாருங்கள்.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் ரத்னா கஃபே. 1948-இலிருந்து நடக்கிறது. தொடங்கியவர் வடக்கே மதுராவிலிருந்து வந்தவர். சென்னைக்காரர்கள் கொண்டாடுகிற சாம்பார் இட்லி அவர் கடையில்! தட்டில் இரண்டு இட்லி வைத்து மூழ்கும்வரை சாம்பார் ஊற்றுவார்கள். பாதி சாப்பிடுவதற்குள் ஒருவர் ஜக்கோடு வந்து மறுபடி ஊற்றுவார். கேட்கவே வேண்டாம். நம்மூரில் இட்லிக்குச் சாம்பார் தொட்டுக்கொள்ளத்தான். அங்கே இட்லி சாம்பாரில் குளிக்கிறது. இரண்டும் ருசிதான்.

மதுராக்காரர் மட்டுமா வந்தார்? அண்ணாசாலையில் 1951-இல் புகாரி ஓட்டலைத் திறந்த ஏ.எம். புகாரி திருநெல்வேலியில் பிறந்தவர், கொழும்பில் படித்தவர். சிக்கன் 65 பிறந்த இடம் அதுதான் என்பார்கள். முதல் நாள் மாலையில் எழும்பூரிலிருந்து மின்சார ரயில் ஏறுங்கள். குறைந்த கட்டணம் ஐந்து ரூபாய். சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம் தாண்டி மாம்பலம். இறங்கினால் ரங்கநாதன் தெரு. அங்கே கூட்டத்தை இழுக்கிற சரவணா ஸ்டோர்ஸ் குடும்பத்துக்குச் சொந்த ஊர் திருச்செந்தூர்ப் பக்கத்துப் பணிக்கநாடார் குடியிருப்பு. சந்துபொந்திலெல்லாம் மளிகைக்கடை வைத்திருக்கிற அண்ணாச்சிமார் எந்தப் பக்கத்துக்காரர்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். கடையில் நின்று இரண்டு வார்த்தை பேசினால் போதும், "நீங்க எந்த ஊரு, திருநெல்வேலிப் பக்கமா?" என்று கேட்டுவிடுவார்கள். வழி, பஸ் நம்பர், நல்ல சாப்பாட்டுக்கடை எல்லாம் அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம். இவர்கள் எல்லோருக்கும் சென்னையில் ஒரு முதல் நாள் இருந்திருக்கிறது.

கேட்டு வழி கண்டுபிடிப்பதில் நம்மூருக்கு ஒரு பெரிய முன்னோடி உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் காசிக்குப் போய் மடம் கண்டவர். அங்கே அரசு நடத்தியவர்களோடு பேச வேண்டியிருந்தது, மொழி தெரியாது. சகலகலாவல்லி மாலை பாடி இந்துஸ்தானி பேசும் வல்லமை பெற்றார் என்று மரபு சொல்கிறது. சரஸ்வதியிடமே கேட்டிருக்கிறார். நாம் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவரிடம் கேட்கக் கூசலாமா? வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

பெருநகரத்தில் யாரும் யாரையும் கவனிக்க மாட்டார்கள் என்று பயமுறுத்துவார்கள். அதை அப்படியே நம்ப வேண்டாம். 2023 டிசம்பர் 17 ராத்திரி பெருமழையில் இதே செந்தூர் எக்ஸ்பிரஸ் நம் ஸ்டேஷனில் நின்றுபோனது. முன்னால் தண்டவாளத்துக்கு அடியில் மண்ணையும் ஜல்லியையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டது. சுமார் 800 பயணிகள். சுற்றிலும் தண்ணீர். வீடு வாசலில் வெள்ளம் நிற்கும்போதே புதுக்குடி ஜனங்கள் இருந்ததைத் திரட்டிச் சோறு பொங்கிப் போட்டார்கள். வந்தவர்கள் யார், எந்த ஊர் என்று அவர்கள் பார்க்கவில்லை. அந்த 800 பேரில் பலர் சென்னையில்தான் இருப்பார்கள். ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் பாருங்களேன்.

ஆக, இரண்டு நாளுக்கு இவ்வளவு போதும். முதல் நாள் எழும்பூர் அருங்காட்சியகம், சாயங்காலம் மாம்பலம். இரண்டாம் நாள் காலை திருவல்லிக்கேணி, பிற்பகல் வெயில் தாழ மெரினா. நடுவில் எங்கே காபி வாசனை வந்தாலும் உட்கார்ந்துவிடுங்கள். வண்டலூரும் மாமல்லபுரமும் எங்கேயும் ஓடிவிடாது, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்.

கிளம்புமுன் ஒரு காரியம். ஆதிச்சநல்லூரிலேயே 2023 ஆகஸ்டில் ஒரு தள அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். கண்ணாடித் தரைமேல் நின்று குனிந்து பார்த்தால், தோண்டிய குழியும் தாழிகளும் கிடந்த இடத்திலேயே கிடக்கும். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிடுங்கள். அதைப் பார்க்காமல் எழும்பூர் போனால் அந்த எருமை வெறும் வெண்கல பொம்மை. பார்த்துவிட்டுப் போனால் அது நம்மூர் எருமை. சென்னை டிக்கெட்டை அதற்கப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.