இன்ஜெக்டரின் தலையெழுத்து

டீசல் கார் வைத்திருப்பவர்கள் ஒர்க்‌ஷாப் பில்லில் 'இன்ஜெக்டர் கோடிங்' என்று ஒரு வரியைப் பார்த்திருப்பீர்கள். சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கு ஒரு தொகை, மாட்டுவதற்குக் கூலி, அதற்குக் கீழே இது. லேப்டாப்பைக் கொஞ்ச நேரம் தட்டியதற்கா காசு என்று கேட்கத் தோன்றும். கேளுங்கள், தப்பில்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு என்பது என் கட்சி.

பழைய டீசல் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் டீசலின் அளவைப் பார்ப்பது பம்புக் கடைக்காரரின் வேலை. பம்பைக் கழற்றி வாங்கி டெஸ்ட் பெஞ்சில் பூட்டுவார். ஒவ்வொரு லைனிலிருந்தும் வரும் டீசல் வரிசையாக நிற்கும் கண்ணாடிக் குழாய்களில் சேரும். எல்லாவற்றிலும் மட்டம் ஒன்றாகும்வரை பம்பைத் திருத்திக்கொண்டே இருப்பார். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் தரும் காமன் ரெயில் வந்ததும் அந்தக் கணக்கு மாறிப்போயிற்று. 1997-இல் ஆல்ஃபா ரோமியோ 156 காரில் அது வந்தபோதே ரெயிலில் 1350 பார் அழுத்தம். இன்று 2000-ஐத் தாண்டியவை உண்டு. அவ்வளவு அழுத்தம் எப்போதும் வாசலில் காத்து நிற்கிறது. இன்ஜெக்டர் எத்தனை மைக்ரோ செகண்ட் திறக்கிறதோ அதுதான் அளவு.

அந்த அளவைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். முக்கியப் பீய்ச்சலுக்கு முன்னால், இன்ஜின் தட்டும் சத்தத்தை அடக்குவதற்காக, 'பைலட்' என்று ஒரு சின்னப் பீய்ச்சல் நடக்கும். அது 1 அல்லது 2 கன மில்லிமீட்டர்தான். ஒரு சொட்டுத் தண்ணீரே சுமார் 50 கன மில்லிமீட்டர் இருக்கும். சொட்டில் ஐம்பதில் ஒன்றோ இரண்டோ பங்கு! இந்த நுணுக்கத்துக்கு இரண்டு இன்ஜெக்டரை அச்சுப் பிசகாமல் செய்ய எந்த ஆலையாலும் ஆகாது. ஆகவே ஐடில், பைலட், பாதி லோடு, முழு லோடு என்று சில நிலைகளில் ஒவ்வொன்றையும் அளக்கிறார்கள். எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்பதை ஒரு குறியீடாக்கி (இதுதான் 'கோடு') அதன் தலையிலேயே பொறித்துவிடுகிறார்கள். டெல்பி நிறுவனத்தின் இன்ஜெக்டரில் 16 எழுத்து, பிந்தியவற்றில் 20. டொயோட்டா டீசல்களில் 30 வரை போகும். அதை இன்ஜினை நடத்தும் கணினியான இசியூவுக்குச் சொல்லிவைப்பதுதான் கோடிங். தட்டு சாய்ந்த தராசுக்கு மறுபக்கம் ஒரு கல்லைக் கட்டுவது போல, கூடுதலாகப் பீய்ச்சுவதை இசியூ சற்று முன்னதாக மூடும்.

எழுத்து ஒன்று தவறினால் பல இசியூக்கள் கோடை ஏற்காமல் திருப்பிவிடும். ஆனால் ஒன்றாம் சிலிண்டரின் கோடை நாலாம் சிலிண்டருக்கு அடித்தால்? அது சரியான கோடுதானே, பேசாமல் வாங்கிக்கொள்ளும். நம் ஒரகடத்தில் தயாரான ரெனோ டஸ்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கே9கே டீசல் இன்ஜினில் ஒன்றாம் சிலிண்டர் ஃபிளைவீல் பக்கம். மற்ற பெரும்பாலான கார்களில் பழகிய கை, டைமிங் பெல்ட் பக்கத்திலிருந்து எண்ணத் தொடங்கும். நாலு கோடும் தலைகீழாக ஏறிவிடும்; ஸ்கேனரில் ஒரு எரர் வராது. வண்டியும் ஓடும், ஐடிலில் லேசாக உதறும், கொஞ்சம் புகை தள்ளும். 'புது இன்ஜெக்டர், செட்டாகட்டும் சார்' என்று அனுப்பிவிடுவார்கள். நல்ல மெக்கானிக் மாட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு தலையையும் போட்டோ எடுத்து, எந்த சிலிண்டருக்கு எது என்று எழுதி வைத்துக்கொள்வார்.

ரீகண்டிஷன் இன்ஜெக்டர் விஷயத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. நாசிலை மாற்றி, வால்வை மாற்றி, மேலே பளபளவென்று துடைத்துத் தருகிறார்கள். தலையில் இருப்பதோ ஆலையில் பொறித்த பழைய கோடு. அளந்த நாசிலும் வால்வும் குப்பைக்குப் போய்விட்டன, அவற்றின் அளவு மட்டும் மிச்சம். அதை அடிப்பதற்குக் கூலி வாங்குவது வெறும் சடங்கு. பெஞ்சில் மறுபடி அளந்து புதுக் கோடு தரும் கருவிகள் இருக்கின்றன. அவற்றை வைத்திருக்கும் கடைகளும் இருக்கின்றன. கோடிங் செய்தீர்களா என்று கேட்காதீர்கள். இந்தக் கோடு எந்த பெஞ்சில் அளந்தது, ரிப்போர்ட் எங்கே என்று கேளுங்கள்.

தேய்ந்த இன்ஜெக்டருக்குக் கோடிங் மருந்தல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரிட்டர்ன் லைனில் அளவுபாட்டில் மாட்டி, எது அதிகமாகத் திருப்பி விடுகிறது என்று பார்க்காமல் நேரே ஸ்கேனரை எடுப்பவரிடம் வண்டியை விட எனக்கு மனம் வராது. மாட்டும்போது இன்ஜெக்டருக்கு அடியில் வரும் செப்பு வாஷரைப் புதிதாகப் போடாதவரிடமும்தான்.

கோடு ஏறியபின் இன்னொன்று பாக்கி. இன்ஜெக்டர் தேயத் தேய இசியூ தானாகத் திருத்தம் கற்றுக்கொண்டே வரும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து வண்டி தானே உருளும்போது, சில இன்ஜின்களில் அது ஒரே ஒரு சிலிண்டருக்குத் துளி டீசல் விட்டு, கிராங்க் வேகம் கூடுகிறதா என்று பார்க்கும். டெல்பி முறையில் இன்ஜின் பிளாக்கில் உள்ள சென்சார் எரிப்பின் அதிர்வை உணரும். இன்ஜெக்டரை மாற்றும்போது இந்தப் பழைய பாடத்தை அழிக்க வேண்டும். அழிக்காவிட்டால், கழற்றிப்போட்டதன் தேய்மானத்துக்கான திருத்தம் புதியதன்மேல் ஏறும். அழித்தபின் புதுப்பாடம் ஷெட்டுக்குள் நின்றால் வராது. இன்ஜின் நன்றாகச் சூடேறியபின் மெக்கானிக் வண்டியை ரோட்டில் எடுத்து, வேகம் பிடித்து, காலை எடுத்து உருளவிட்டு, இப்படிப் பலமுறை ஓட்டிப் பார்த்துத்தான் சாவியைத் தர வேண்டும்.