கூலி கொடுப்பவர் யார்? பொறுப்பேற்பவர் யார்?

(ஓசூர்த் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்ந்த உரையின் எழுத்து வடிவம்)



கேழ்வரகும் அவரையும் விளைந்த மண் இந்த ஓசூர் மண். 1971-இல் தமிழ்நாடு அரசு சிப்காட்டை நிறுவிய பின்னர், கருநாடக எல்லையை ஒட்டிய இவ்வூர் சரக்குந்தும் இருசக்கர வண்டியும் கைக்கடிகாரமும் செய்யும் தொழில் நகராயிற்று. இன்று ஆப்பிள் குழுமத்தின் கைப்பேசிக்குரிய மேற்கூடு, கிருட்டிணகிரி மாவட்டத்து டாட்டா எலக்ட்ரானிக்சுத் தொழிலகத்தில் உருவாகின்றது. அப்பொருளின் வடிவையும் விலையையும் முடிவு செய்வோர் கலிபோர்னியாவில் இருக்கின்றனர். அதைத் தேய்த்து மெருகேற்றும் இளம்பெண்களோ இங்கே விடுதிகளில் இருக்கின்றனர். அப்பெண்களுக்குத் தீங்கு நேர்ந்தால் விடை சொல்ல வேண்டியவர் யார்?

பெயர் பொறிக்கும் குழுமம், "தொழிலகம் எமதன்று" என்கின்றது. தொழிலகமோ, "ஆளெடுத்தவர் ஒப்பந்தக்காரர்" என்கின்றது. ஒப்பந்தக்காரரோ கண்ணிலேயே படுவதில்லை. ஊதியம் படிப்படியாக மேலேறுகின்றது. பொறுப்பு படிப்படியாகக் கீழிறங்குகின்றது என்று எண்ண வேண்டா. மேலேறுவது ஊதியம் அன்று, ஆதாயமே!

நடந்தவற்றைப் பாருங்கள். 2020 திசம்பர் 12 அன்று, எல்லைக்கு அப்பால் கோலார் மாவட்டத்து நரசாபுரத்தில், உரிய கூலி வரவில்லை என்று கொதித்தெழுந்த தொழிலாளரால் விசுட்ரான் தொழிலகம் நொறுங்கியது. வேலைநேரக் கணக்கு முறையாகப் பேணப்படாததால் சிலருக்கு ஊதியம் தாமதமாயிற்று என்று பின்னர் ஆப்பிளே அறிவித்தது. 2021 திசம்பரில் திருப்பெரும்புதூரில் பாக்சுகான் தொழிலகப் பெண்கள் விடுதி உணவால் நோயுற்றனர். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். உடன் உழைத்த பெண்கள் சென்னை – பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்தனர். ஓசூர் வழியே செல்லும் அதே சாலை! விடுதிகள் சிலவும் உணவறைகள் சிலவும் தன் தரத்திற்கு ஏற்றவையாக இல்லை என்று ஆப்பிள் அதன்பின்னரே சொன்னது. இரண்டு தொழிலகங்களையும் அது கண்காணிப்பில் வைத்தது. விசுட்ரானுக்குப் புதுப்பணி தருவதையும் நிறுத்தியது.

இங்கே ஓர் உண்மை தானே வெளிப்படுகின்றது. தீங்கு நேர்ந்தபின் தண்டிக்க வல்லவர்க்கு, நேருமுன் தடுக்கவும் வல்லமை உண்டு. வல்லமை உள்ளவிடத்தில் பொறுப்பும் உண்டு அன்றோ?

வங்கதேசத்தில் 2013 ஏப்பிரல் 24 அன்று இராணா பிளாசா இடிந்து 1,134 பேர் மாண்டனர். முதல் நாளே சுவரில் வெடிப்புக் கண்டு, கீழ்த்தளத்து வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. ஆடை தைப்போர் மட்டும் உள்ளே அனுப்பப்பட்டனர். அத்தனை உயிர்கள் போனபின்தான், மேலைநாட்டு ஆடைக் குழுமங்கள் பல தொழிற்சங்கங்களுடன் சட்டப் பிணைப்புள்ள பாதுகாப்பு உடன்படிக்கையில் கையெழுத்திட்டன.

தமிழ்நாட்டிலும் அத்தகைய வழி காணப்பட்டுள்ளது. 2021 தொடக்கத்தில் திண்டுக்கல் பகுதி ஆடைத் தொழிலகத்தில் உழைத்த இளம்பெண் ஒருவர் கொலையுண்டார். மகளிர் தலைமையிலான தமிழ்நாடு ஆடை மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாது போராடியது. 2022-இல் ஈசுட்மேன் குழுமத்துடனும் எச் அண்டு எம் குழுமத்துடனும் திண்டுக்கல் உடன்படிக்கை ஏற்பட்டது. தொழிலகம் வாக்குத் தவறினால், வாங்கும் குழுமம் வணிக நடவடிக்கை எடுத்தே ஆகவேண்டும் என்பது அதன் உயிர்நாடி. இரக்கத்தால் தரப்படுவதை எப்போதும் திரும்பப் பெறலாம். கையெழுத்திட்டதைத் திரும்பப் பெற இயலாது.

அரசுகளும் இதில் தப்ப இயலாது. 2023 பிப்பிரவரியில் கருநாடகம் நாளொன்றுக்கு 12 மணிநேர வேலைக்கு வழி திறந்தது. ஏப்பிரல் 21 அன்று தமிழகச் சட்டமன்றமும் அத்தகைய சட்டவரைவை நிறைவேற்றியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தெழுந்தன, மே நாளில் அது திரும்பப் பெறப்பட்டது. முதலீட்டை இழுக்க அண்டை மாநிலங்கள் போட்டியிடும்போது, ஏலத்தில் விடப்படுவது தொழிலாளியின் உறக்கமே. ஒன்றுபட்ட குரலே அந்த ஏலத்தை நிறுத்தியது.

மொழிக்கும் இங்கே இடம் உண்டு. 2024 செப்டம்பர் 28 அன்று ஓசூர் அருகே டாட்டா எலக்ட்ரானிக்சுத் தொழிலகத்தில் தீப்பற்றியது. அத்தகைய வேளையில் எச்சரிக்கைப் பலகையைப் படிக்க முடிவதே உயிர் காக்கும். இங்குத் தமிழ்ப் பெண்களோடு சார்க்கண்டுப் பெண்களும் உழைக்கின்றனர். எச்சரிக்கையும், பணியொப்பந்தமும், ஊதியச் சீட்டும் தமிழருக்குத் தமிழிலும் பிறர்க்கு அவரவர் தாய்மொழியிலும் இருத்தல் வேண்டும். புரியாத மொழியில் இடும் கையெழுத்து, இசைவாகாது.

வாங்குவோர்க்கும் கடமை உண்டு. தமிழர் பலர் கையிலும் அக்கைப்பேசி உள்ளது. பொருளைப் புறக்கணித்தால் முதலில் வேலையிழப்பவர் அந்தப் பெண்களே. ஆதலின் வாங்குவோர் வாய்திறந்து கேட்க வேண்டும்: செய்தவர்க்கு நேரிய கூலி உண்டா? சங்கம் சேரும் உரிமை உண்டா? தங்கும் விடுதிக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டவர் யார்?

ஓசூர் உழைப்பாளரே! இவ்வினாக்களைக் கடலுக்கு அப்பால் உள்ளோர் கேட்கட்டும் என்று காத்திராதீர். தொழிலக வாயிலிலேயே கேளுங்கள். தனித்தனியாக அன்று, சங்கமாகக் கேளுங்கள். விடை வாயால் வந்தால் போதாது, எழுத்தில் வரட்டும்!