நான்கு எழுத்துப் பெயர்

(மாதாந்த உரைத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



சில வாரங்களுக்கு முன் என் பேரன் பள்ளிக்கூடத்தால் வந்ததும் வராததுமாக ஒரு கேள்வி கேட்டான். அவனுக்கு இந்தத் தவணை சமய வகுப்பில் யூத சமயம் படிப்பிக்கிறார்கள். "அம்மம்மா, யூத ஆக்கள் தங்கட கடவுளின்ர பேரைச் சொல்ல மாட்டினமாம். சொல்லாமல் விட்டா அது மறந்து போகாதோ?" என்றான்.

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. நான் சைவக் குடும்பத்தில் பிறந்து, ஊரில் மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் படித்தவள். வீட்டில் தேவாரம், பள்ளியில் வேதாகமப் பாடம். அங்கே 'கர்த்தர்' என்ற சொல்லை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். அதுதான் அந்தக் கடவுளின் பெயர் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். பேரனுக்காகத் தேடிப் படித்தபோதுதான் என் அறியாமை விளங்கியது. படித்தவற்றை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

எபிரேய மொழியில் அந்தப் பெயர் நான்கே எழுத்து. யோத், ஹே, வாவ், ஹே. எபிரேய வேதாகமத்தில் அது 6,800 தடவைக்கு மேல் வருகிறது. பழைய எபிரேய எழுத்தில் மெய்கள் மட்டுமே எழுதப்பட்டன, உயிரொலியை வாசிப்பவர்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு காலத்தில் எல்லோரும் சொன்ன பெயர் என்பதால் அப்போது அது சிக்கலாக இருக்கவில்லை. பிற்காலத்தில் பக்தியினால் அதைச் சொல்வதை நிறுத்தி, அந்த இடத்தில் 'அதோனாய்', அதாவது 'என் ஆண்டவர்' என்று வாசிக்கத் தொடங்கினார்கள். கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்களும் 'ஆண்டவர்' என்ற பொருளுள்ள சொல்லையே போட்டார்கள். அந்த வழியில் வந்தவைதான் தமிழில் நாம் காணும் 'கர்த்தர்', 'ஆண்டவர்' என்பவை. நம் ஆறுமுக நாவலர் இளமையில் பேர்சிவல் பாதிரியாருடன் சேர்ந்து வேதாகமத்தைத் தமிழாக்க உழைத்தவர். அந்தக் காலத் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் எல்லோரும் இந்த நான்கு எழுத்தை என்ன செய்வது என்று யோசித்திருக்கத்தான் வேண்டும்.

'யெகோவா' என்பது எங்கிருந்து வந்தது? நான்கு மெய்யெழுத்துகளுக்கு மேல், 'அதோனாய்' என்று வாசிக்கும்படி நினைவூட்ட அச்சொல்லின் உயிர்க்குறிகளை ஏடெழுதியோர் இட்டார்கள். இரண்டையும் சேர்த்து வாசித்த பிற்காலக் கிறிஸ்தவர்களிடம் பிறந்தது 'யெகோவா'. பழைய ஒலி 'யாவே' என்பதை ஒட்டியதாக இருந்திருக்கும் என்பதே இன்று பெரும்பாலான அறிஞர்களின் கருத்து.

சரி, இந்தப் பெயர் எப்போது, எங்கே தொடங்கியது?

இஸ்ரவேல் என்ற பெயர் வேதாகமத்துக்கு வெளியே முதலில் காணப்படுவது எகிப்தில். மெர்னெப்தா என்ற அரசன் ஏறத்தாழ கி.மு. 1208இல் நிறுத்திய வெற்றிக்கல் அது. 1896இல் பிளிண்டர்ஸ் பீட்ரி அதைக் கண்டெடுத்தார். அந்த மக்களின் பெயரை உற்றுப் பாருங்கள். இஸ்ர-ஏல். கடைசியில் இருப்பது 'ஏல்'. யாவே என்ற பெயரின் சுவடே அதில் இல்லை.

ஏல் யார்? சிரியாக் கரையில் உகரித் என்ற பழைய நகரம் உண்டு. 1928இல் ஓர் உழவர் தற்செயலாக ஒரு கல்லறையைக் கண்டதால், அடுத்த ஆண்டு அங்கே அகழ்வு தொடங்கியது. களிமண் பலகைகள் ஏராளமாகக் கிடைத்தன. அவற்றில் தெய்வங்களுக்கெல்லாம் மூத்தவர் ஏல், அவருடைய துணைவி அஷேரா, இடிமழைக்கு உரியவர் பாகால். கானான் நாட்டு மக்களின் தெய்வ உலகம் ஏறக்குறைய அதுதான். நமக்குப் பழக்கமான சாமுவேல், தானியேல், பெத்தேல் எல்லாவற்றிலும் அந்த ஏல் இருக்கிறார். யாத்திராகமம் ஆறாம் அதிகாரமும் இதை மறைக்கவில்லை. முன்னோர்களான ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு தன்னை 'ஏல் ஷதாய்' என்றே அறிந்தார்கள் என்றும், யாவே என்ற பெயரால் அறியவில்லை என்றும் கடவுள் மோசேயிடம் சொல்வதாக அங்கே வருகிறது.

யாவே என்ற பெயரோ தெற்கிலிருந்து வந்ததாகத் தெரிகிறது. வேதாகமத்தின் மிகப் பழைய பாடல்கள் சில, அவர் சேயீரிலிருந்தும் தேமானிலிருந்தும் புறப்பட்டு வந்ததாகப் பாடுகின்றன. அவை சாக்கடலுக்குத் தெற்கே உள்ள வறண்ட மலைநாடு. இன்றைய சூடானில் சோலேப் என்னும் இடத்தில், கி.மு. 14ஆம் நூற்றாண்டில் எகிப்திய அரசன் மூன்றாம் அமென்ஹோதேப் கட்டிய கோயில் உண்டு. அங்கே 'யாஹு நிலத்து சாசு' என்று ஒரு மேய்ச்சல் கூட்டத்தாரைக் குறித்திருக்கிறார்கள். அது இந்தப் பெயர்தான் என்று பலர் கருதுகிறார்கள். ஆடு மேய்த்து அலைந்தவர்கள் சொன்ன பெயர் ஒன்று, மலைநாட்டு உழவர்களிடம் வந்து, மெல்ல மெல்ல ஏலுடன் ஒன்றாகிப் போனது.

வேதாகமத்துக்கு வெளியே ஐயத்துக்கு இடமின்றி அந்த நான்கு எழுத்தும் முதலில் கிடைப்பது ஓர் எதிரியின் கல்வெட்டில். மோவாப் நாட்டு அரசன் மேசா ஏறத்தாழ கி.மு. 840இல் எழுதுவித்த கல் அது. யாவேயின் பொருட்களைக் கவர்ந்து தன் தெய்வமான கேமோஷின் முன்னால் இழுத்து வந்ததாக அவன் பெருமை பேசுகிறான். 1868இல் யோர்தானில் கண்டெடுக்கப்பட்ட அந்தக் கல் இப்போது பாரிசில் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாரிசில் உறவுகள் உள்ளவர்கள் அடுத்த முறை போகும்போது பார்த்து வரலாம்.

அந்தக் காலத்து வழிபாடு நாம் நினைப்பதைப் போல எருசலேமில் ஒரே கோயில், ஒரே பூசை என்று இருக்கவில்லை. மேட்டு நிலங்களில், மரத்தடிகளில், வீடுகளில் எல்லாம் வழிபட்டார்கள். ஆராத் என்ற கோட்டையில் சிறு கோயில் ஒன்றை 1960களில் அகழ்ந்தார்கள். உள் மூலையில் நட்ட கல்லும், அதன் வாசலில் தூபம் போடும் இரண்டு சிறிய கல் பீடங்களும் இருந்தன. உருவச் சிலை கிடைக்கவில்லை. பீடங்களில் ஒட்டியிருந்த கரியைச் சோதித்து 2020இல் முடிவை வெளியிட்டார்கள். ஒன்றில் குந்திரிக்கம், மற்றதில் கஞ்சா! இதைப் படித்தபோது எங்கள் ஊர் வேப்பமரத்தடி வைரவர்தான் என் கண்ணில் வந்தார். அவருக்கும் உருவம் இல்லை. ஒரு கல்லும் சூலமும் மட்டும்.

சீனாய்ப் பாலைநிலத்தில் குந்திலெத் அஜ்ருத் என்று ஒரு தங்குமிடம். 1975, 1976ஆம் ஆண்டுகளில் அங்கே கிடைத்த பெரிய சாடிகளில், ஏறத்தாழ கி.மு. 800இல் மையால் எழுதிய வாழ்த்துகள் இருந்தன. 'சமாரியாவின் யாவே', 'தேமானின் யாவே' என்று ஊரைச் சேர்த்துச் சொல்கிறார்கள், 'அவருடைய அஷேரா' என்றும் சேர்க்கிறார்கள். அஷேரா அங்கே துணைவியா, அல்லது கோயிலில் நாட்டும் புனிதத் தூணா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. எது எப்படியோ, ஒரே தெய்வத்தை ஒவ்வோர் ஊரின் பெயரோடும் சேர்த்துக் கும்பிட்டிருக்கிறார்கள். நல்லூரான், செல்வச்சந்நிதியான் என்று சொல்லி வளர்ந்த நமக்கு இது விளங்காமல் போகாது. பின்னர் கி.மு. 622ஐ ஒட்டி அரசன் யோசியா மற்ற இடங்களை எல்லாம் மூடி, அஷேராவையும் அகற்றி, எருசலேம் ஒன்றே என்று ஆக்கினான் என வேதாகமம் சொல்கிறது.

நேயர்களே, இதையெல்லாம் படித்த பிறகு பேரனைக் கூட்டிக்கொண்டு லண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்குப் போனேன். அங்கே ஒரு நீண்ட அறை முழுவதும் கற்சிற்பம். கி.மு. 701இல் அசீரிய அரசன் சனகெரிப், யூதாவின் லாகீஸ் நகரைப் பிடித்த காட்சி. நினிவேயில் தன் அரண்மனைச் சுவரில் அவன் செதுக்கி வைத்தது. அதில் ஊர்ச்சனம் வெளியேறுகிறது. மாட்டுவண்டி, மேலே மூட்டைகள், மூட்டைகளின் மேல் பெண்களும் பிள்ளைகளும். என்னால் அந்த இடத்தை விட்டு நகர முடியவில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, மழைக்குள்ளே வலிகாமத்தை விட்டு நாங்கள் வந்ததும் அப்படித்தான். என் அம்மா கோயில் திருநீற்றை ஒரு சின்னச் சரையில் கட்டி இடுப்பில் செருகியிருந்தா.

அந்தச் சிற்பத்தில் அசீரியப் போர்வீரர் தூபக்கால்கள் இரண்டைக் கொள்ளைப் பொருளாகத் தூக்கிப் போகிறார்கள். அப்படியானால் அந்த மக்கள் என்னத்தைக் கொண்டுபோனார்கள்? பெயரைத்தான்.

1935இல் அதே லாகீஸில் ஓட்டுத் துண்டுகளில் மையால் எழுதிய கடிதங்கள் கிடைத்தன. பாபிலோனியர் நாட்டை அழிப்பதற்குச் சற்று முன்னர் எழுதியவை. பொறுப்பதிகாரிக்கு எழுதும் ஒரு வீரன், நல்ல செய்தி கேட்க யாவே அருள வேண்டும் என்று சாதாரணமாகத் தொடங்குகிறான். அப்போது அந்தப் பெயர் எல்லோர் வாயிலும் இருந்தது. அந்த வீரனுடைய பெயரே ஓசாயாகு. 'யா காப்பாற்றினார்' என்பது பொருள்.

கி.மு. 587ஐ ஒட்டி எருசலேம் கோயிலும் எரிந்தது. பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் குடியிருப்பு ஒன்றுக்கு 'யூதா ஊர்' என்றே பெயர். அங்கே எழுதிய களிமண் பலகைகளில் மிகப் பழையது கி.மு. 572ஆம் ஆண்டுக்குரியது. எல்லாம் குத்தகை, கடன், வரிக் கணக்குகள். பக்தி நூல்கள் அல்ல. ஆனால் ஆட்களின் பெயர்களைப் பாருங்கள். தகப்பன் ரபா-யாமா, மகன் அகிகாம், பேரன் நீர்-யாமா. மகன் பெயரில் இல்லாத தெய்வம் பேரன் பெயரில் திரும்பி வருகிறது. யாமா என்பது பாபிலோனிய எழுதுவினைஞர் கேட்டு எழுதிய யாவே.

இன்னொரு கூட்டம் எகிப்தில், நைல் நதியில் அஸ்வானுக்கு எதிரே எலிபன்ரைன் தீவில் படைவீரராகக் குடியிருந்தது. 'யாஹோ' என்று மூன்றெழுத்தில் எழுதி, அவருக்கு ஒரு கோயிலும் கட்டினார்கள். கி.மு. 410இல் அயல் கோயில் பூசகர்களின் தூண்டுதலால் அது இடிக்கப்பட்டது. மூன்று ஆண்டுகள் சாக்குடுத்தி, எண்ணெய் வைக்காமல், நோன்பிருந்தோம், மீண்டும் கட்ட உதவுங்கள் என்று கி.மு. 407இல் யூதாவின் ஆளுநருக்கு விண்ணப்பம் எழுதினார்கள். அது பாப்பிரசுத் தாளில் அப்படியே இருக்கிறது. நன்கொடைப் பட்டியல் ஒன்றும் இருக்கிறது. ஆளுக்கு இரண்டு செக்கேல் வெள்ளி, பெண்களின் பெயர்களும் நிறைய. பட்டியல் முடிவில் பார்த்தால் அந்தக் காசில் ஒரு பங்கு அனாத்-பெத்தேல் என்ற பெண் தெய்வத்துக்கும் போயிருக்கிறது! புலம்பெயர்ந்த மண்ணில் கோயிலுக்குப் பற்றுச்சீட்டு எழுதிய நம்மவருக்கு இந்தத் தாளின் அருமை விளங்கும்.

பிறகுதான் அந்தப் பெயர் மெல்ல அடங்கியது. சாக்கடல் அருகே 1947 முதல் கிடைத்த சுருள்கள் சிலவற்றில், மற்றச் சொற்களைப் புது எழுத்திலும் அந்த நான்கை மட்டும் பழைய எழுத்திலும் எழுதியிருக்கிறார்கள். வேறு சிலவற்றில் வெறும் நான்கு புள்ளிகள். யூத மரபின்படி, ஆண்டுக்கு ஒரு நாள், பாவநிவாரண நாளில், தலைமைக் குரு கோயிலில் அதை வாய்விட்டுச் சொல்வார், மக்கள் நிலத்தில் விழுந்து வணங்குவார்கள். கி.பி. 70இல் உரோமர் கோயிலை அழித்தபின் சொல்ல இடமும் இல்லை, ஆளும் இல்லை. இன்று பக்தியுள்ள யூதர் 'ஹஷெம்' என்பார்கள். 'அந்தப் பெயர்' என்று அர்த்தம்.

வீட்டுக்கு வரும் வழியில் ரெயினில் பேரனிடம் சொன்னேன். "அப்பு, நீ கேட்டது சரிதான். சத்தம் மறந்து போச்சு. ஆனா பெயர் போகேல்லை. எரேமியா, எலியா, யோவான், மத்தேயு எல்லாத்திலையும் அந்த 'யா' கிடக்கு. 'அல்லேலூயா' எண்டு சொல்லேக்கையும் அதைத்தான் சொல்லுகினம்." அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப என்ர பேரில என்ன சாமி இருக்கு?" என்று கேட்டான்.

எனக்குத் தொண்டை அடைத்தது. அவன் பெயரில் சாமி இல்லை. ஆசிரியர்களுக்குச் சொல்ல இலகுவாக இருக்க வேண்டும் என்று என் மகள் வைத்த ஈரெழுத்துப் பெயர். அந்த நேரம் எனக்கு மனத்தாங்கல்தான், ஆனாலும் வாய் திறக்கவில்லை. அவளையும் பிழை சொல்ல மாட்டேன். தன்னுடைய நீண்ட பெயரால் அவள் பள்ளியில் பட்டது எனக்குத் தெரியும்.

அவனுடைய பூட்டனுக்கு எங்கள் ஊர்க் கோயில் முருகனின் பெயர் என்று சொன்னேன். அந்தக் கோயில் இருந்த இடம், தேர் இழுத்த வீதி, 1995க்குப் பிறகு அது பட்ட பாடு எல்லாம் சொன்னேன். இவ்வளவு காலமும் நான் அவனுக்கு இதைச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது.

அந்த மக்கள் பெயரைச் சொல்லாமல் விட்டது பயபக்தியால். அப்போதும் ஒவ்வொரு நாளும் அதை எழுதினார்கள், பிள்ளைகளுக்கு இட்டார்கள், 'அந்தப் பெயர்' என்றாவது நினைத்துக்கொண்டார்கள். நாம் நம் ஊர்ச் சாமியின் பெயரைச் சொல்லாமல் இருப்பது பயபக்தியால் அல்ல. யாரும் கேட்கவில்லை, நேரமும் வரவில்லை, அவ்வளவுதான். கல்லும் சூலமும் மட்டும் இருந்த மரத்தடிகளுக்குக் கல்வெட்டு ஏது? நம் தலைமுறை சொல்லாவிட்டால் அந்தப் பெயர்கள் நம்மோடு முடிந்துவிடும்.

சைவரோ கிறிஸ்தவரோ, இன்று இரவு வீட்டில் பிள்ளைகளை இருத்தி உங்கள் ஊர்க் கோயிலின், தேவாலயத்தின் பெயரைச் சொல்லுங்கள். பூட்டன் பூட்டியின் பெயர்களையும் சொல்லுங்கள். என் பேரன் தன் வீட்டுப் பாடக் கொப்பியில் அந்த நான்கு எபிரேய எழுத்தையும் பார்த்து எழுதி, அதன் கீழே பூட்டனின் பெயரைத் தமிழில் எழுதினான். 'ரு' கொஞ்சம் கோணல். நான் திருத்தவில்லை.