ஐயா, அல்பம் நான்தான்!



'கொடுத்த காசைத் திரும்பக் கேட்பது கெட்டிக்காரத்தனமா, கஞ்சத்தனமா?' எனக்கு முன்னால் பேசிய சகோதரர் சொன்னார், "விமான டிக்கெட் எடுத்த பிறகு விலை இறங்கினா, போகட்டும்னு விடணும். அதைப் போய்க் கேட்டா அல்பத்தனம்!" ஐயா, அந்த அல்பம் நான்தான். (சிரிப்பு)

2019-ஆம் வருஷம். மாமனாருக்குக் காசியில் ஒரு திதி கொடுக்கணும்னு என் மாமியாருக்கு ஆசை. குடும்பப் பென்ஷனில் மாசாமாசம் ஒதுக்கி வைத்த பணத்தை ஒரு மஞ்சப் பையில் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். ரயிலில் அவ்வளவு தூரம் உட்கார்ந்து போக அவர் முழங்கால் இடம் கொடுக்காது. அதனால் விமானம். மூன்று பேர், ஆளுக்கு 6,400 ரூபாய். ராத்திரி ஒன்பதரைக்கு டிக்கெட் எடுத்தாச்சு. காலையில் பால் காயும்போது சும்மா பார்க்கிறேன், அதே விமானம் 5,100!

எங்க வீட்டுக்காரர், அதோ முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கார், "விடு, நம்ம ராசி அப்படி" என்றார். (சிரிப்பு) எப்படிங்க விடறது? 3,900 ரூபாய். அது ராசி இல்லை, மாமியாரோட பென்ஷன்.

போன் போட்டேன். எந்த நிறுவனம்னு கேட்காதீங்க. எடுத்த பெண், "ரத்து செய்தால் ஆளுக்கு மூவாயிரம் பிடிப்போம், மேடம்" என்றது. நான் சொன்னேன்: "அம்மா, நேத்து ராத்திரி ஒன்பதரைக்கு எடுத்தேன். இப்ப காலை ஏழு. பயணத்துக்கு இன்னும் இருபது நாள் இருக்கு. பயணம் ஏழு நாளைக்கு அப்புறம் இருந்தா, டிக்கெட் எடுத்த 24 மணி நேரத்துக்குள் அபராதமில்லாம ரத்து செய்யலாம்னு சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் விதி போட்டிருக்கே?" கொஞ்ச நேரம் பாட்டுப் போட்டாங்க. திரும்பி வந்து, "சரி, மேடம்!" (கைதட்டல்)

நான் அவசரப்படலை. இறங்கின விலையில் புது டிக்கெட்டைக் கையில் வாங்கிக்கிட்டுத்தான் பழசை ரத்து செய்தேன். நடுவில் விலை ஏறிட்டா? பழைய பணம் முழுசா கார்டுக்கு வந்தது.

அதுக்காக எல்லாத்துக்கும் சண்டை போடறவ இல்லைங்க நான். பத்து நாள் கழித்துத் திரும்பி வர்ற டிக்கெட்டும் 900 ரூபாய் இறங்கியது. 24 மணி நேரமோ தாண்டியாச்சு. 900-க்காக 3,000 அபராதம் கட்டுவேனா? வாயை மூடிக்கிட்டேன். வீட்டுக்காரருக்கு அன்றைக்குத்தான் நிம்மதி. (சிரிப்பு)

இன்னொரு சகோதரர், "போகாத டிக்கெட் வெறும் காகிதம்" என்றார். இல்லைங்க. பணம் திரும்பாதுன்னு சொல்லி விற்கிற டிக்கெட்டாகவே இருக்கட்டும், அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் கட்டணத்தையும் தாண்டி அவங்க பிடிக்கக் கூடாது. விமான நிலையக் கட்டணமும் வரியும் நம்ம காசு. என் மச்சினர் காய்ச்சலில் பயணத்தை விட்டுட்டு, ரத்துகூடச் செய்யாம படுத்துட்டார். கேட்கவும் இல்லை, வரவும் இல்லை.

"நம்ம ஊர்க்காரங்கதான் இப்படிக் கணக்குப் பார்ப்பாங்க"ன்னும் சொன்னாரே! அமெரிக்காவில் 2020-இல் பெரிய நிறுவனங்கள் பெரும்பாலான உள்நாட்டு டிக்கெட்டுகளுக்கு மாற்றுக் கட்டணத்தையே எடுத்துட்டாங்க. விலை இறங்கினா அங்கே டிக்கெட்டை மாற்றி எழுதிக்கிறாங்க. வித்தியாசம் கையில் வராது, அடுத்த பயணத்துக்கு வரவு வைப்பாங்க. ரொம்ப மலிவான டிக்கெட்டுக்கு மட்டும் பெரும்பாலும் அந்தச் சலுகை இல்லை.

காசிக்குப் போய், திதி கொடுத்து, நல்லபடியா வந்தோம். வாசலில் செருப்பைக் கழற்றவில்லை, மாமியார் கேட்டார்: "அம்மாடி, அந்த மூவாயிரத்துத் தொள்ளாயிரம் எங்கே?"

நான் திருதிருன்னு முழிச்சேன். (சிரிப்பு) "நீதானே சொன்னே, கேட்டாத்தான் கிடைக்கும்னு? கேட்கறேன், கொடு!" (பலத்த கைதட்டல்)

எண்ணிக் கொடுத்துட்டுத்தான் நடுவர் அவர்களே, இந்த மேடைக்கு வந்திருக்கேன்.