எந்த குரூப் என்று யார் முடிவு செய்வது?

(பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகளுக்குப் பிறகு, ஒரு மாலைநேரப் பயிற்சி மையத்தில் மாணவர்களும் பெற்றோரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதிப்பெண் வந்துவிட்டது. அடுத்த வாரம் பள்ளிக்கூடத்தில் ஒரு மேசைக்கு முன்னால் போய் நிற்பீர்கள். மதிப்பெண் பட்டியலைப் பார்த்துவிட்டு ஒருவர், “இவனுக்கு தேர்டு குரூப்”, “இந்தப் பொண்ணுக்குத் தொழிற்கல்வி” என்று எழுதிவிடுவார். இரண்டு நிமிடம்கூட ஆகாது. அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

எந்தப் பாடத்தை யார் படிக்கலாம் என்று பள்ளிக்கூடம் முடிவு செய்வது நேற்று தொடங்கியதல்ல. அண்ணல் அம்பேத்கர் பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது இரண்டாம் மொழியாகச் சமஸ்கிருதம் படிக்க விரும்பினார். தீண்டப்படாத பையனுக்குச் சொல்லித்தர மாட்டேன் என்று ஆசிரியர் மறுத்துவிட்டார். பாரசீகம் எடுத்துப் படித்தார். பிறகு சொந்த முயற்சியில் சமஸ்கிருதம் கற்றார் என்பது வேறு கதை. அன்றைக்கு வாய்விட்டுச் “சாதி” என்று சொல்லி மறுத்தார்கள். இன்றைக்கு “உனக்கெல்லாம் கணக்கு வராதுப்பா” என்கிறார்கள்.

நம் மாநிலத்திலேயே 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். பள்ளியில் பாதி நேரம் படிப்பு, மீதி நேரம் அப்பன் செய்யும் தொழில். குலக்கல்வித் திட்டம் என்று அதற்குப் பெரியார் பெயர் வைத்துப் போராடினார். 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. அரசுத் திட்டமாக வந்ததை எதிர்க்க நமக்கு ஒரு இயக்கம் இருந்தது. ஆலோசனையாக, அக்கறையாக, “நல்லதுக்குத்தான் சொல்றேன்” என்று வருவதை எதிர்ப்பது கடினம். எல்லா ஆசிரியர்களையும் சொல்லவில்லை. நம் பிள்ளைகளுக்காக மாலையில் உட்கார்ந்து பாடம் நடத்தும் ஆசிரியர்களை நானே அறிவேன். ஆனால் ஒரு பள்ளியில் கணக்கு-உயிரியல் வகுப்பில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், தொழிற்கல்வி வகுப்பில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள். அந்த ஊரின் தெருக்கள் அப்படியே தெரியும்.

சரி, இந்த குரூப் விஷயம் என்ன? கணக்கு எடுக்காமல் விட்டால் பெரும்பாலும் பொறியியல் கலந்தாய்வுப் பக்கம் போக முடியாது. அங்கே தரவரிசையே கணிதம் நூறு, இயற்பியல் ஐம்பது, வேதியியல் ஐம்பது என்று இருநூறுக்குத்தான் போடுகிறார்கள். பி.எஸ்சி. கணிதம், இயற்பியல், புள்ளியியல் எல்லாமே கணக்கைக் கேட்கும். உயிரியலை விட்டால் மருத்துவம், பி.எஸ்சி. நர்சிங், பிசியோதெரபி இல்லை. கணக்கும் உயிரியலும் சேர்ந்த பிரிவு இரண்டு கதவையும் திறந்து வைத்திருக்கும். ஆனால் சுமை அதிகம். சனி ஞாயிறு வேலைக்குப் போகிற பிள்ளை அதைத் தாங்குமா என்பதை வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டும். என்னவாகப் போகிறோம் என்று இன்னும் தெரியாத பிள்ளைக்கு நான் சொல்வது ஒன்றுதான்: கணக்கை விடாதே. கணக்கு படித்தவர் பிறகு பி.ஏ. வரலாறு போகலாம், சட்டம் போகலாம். வேண்டாம் என்று விட்டவர் பிறகு கணக்குப் பக்கம் திரும்புவது மிகக் கடினம்.

இதனால் வணிகவியல் மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். பி.காம்., பட்டயக் கணக்காளர், வங்கித் தேர்வு என்று நம்மவர்கள் குறைவாக இருக்கும் இடங்கள் அந்த வழியில் நிறைய உண்டு. ஐந்தாண்டு சட்டப் படிப்புக்கு எந்த குரூப் படித்தவரும் போகலாம். விரும்பி எடுத்தால் வணிகவியலும் நல்லது, வரலாறும் நல்லது. யாரோ ஒதுக்கித் தள்ளி அங்கே போய் விழக்கூடாது.

இப்போது அந்த மேசைக்கு வருவோம். பதினோராம் வகுப்புச் சேர்க்கைக்கும் இடஒதுக்கீடு உண்டு. பலருக்கு இது தெரியாது. கல்லூரிக்கும் வேலைக்கும்தான் என்று நினைக்கிறோம். பொதுப் பிரிவு 31, பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் - சீர்மரபினர் 20, பட்டியல் சாதியினர் 15, அருந்ததியர் 3, பழங்குடியினர் 1 விழுக்காடு என்று பிரித்துச் சேர்க்க வேண்டும் என்று பள்ளிக் கல்வித் துறையே சுற்றறிக்கை அனுப்புகிறது. அதிலும் பொதுப் பிரிவு என்பது யாருக்கும் எழுதி வைத்த சொத்தல்ல. நம் பிள்ளை அதிக மதிப்பெண் எடுத்திருந்தால் முதலில் அந்த 31இல்தான் வர வேண்டும். “முதல் குரூப் நிரம்பிவிட்டது” என்று சொன்னால், எந்தப் பிரிவில் எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். வாயால் கேட்டுப் பதில் வராவிட்டால் எழுதிக் கொடுங்கள். எழுதிக் கொடுத்த தாளுக்கு மரியாதை வேறு.

பெற்றோருக்குத் தனியாக ஒன்று. நல்ல மதிப்பெண் வந்ததும் கடன் வாங்கி, தாலியை அடகு வைத்து, பிள்ளையைப் பெரிய தனியார் பள்ளியில் சேர்க்கிறோம். கொஞ்சம் நில்லுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்றவற்றுக்கும் நீண்டது. அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே கட்டுகிறது. ஐந்து வருடம் அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையைக் கடைசி இரண்டு வருடத்துக்கு இடம் மாற்றினால் அந்த உரிமை போய்விடும். தனியார் பள்ளியின் விளம்பரத் தட்டியில் இது இருக்காது. அந்தப் பள்ளிகளில் பல, பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்பையே ஓட்டியவை; நீட், ஜே.இ.இ. தேர்வுகளோ இரண்டு வகுப்புப் பாடத்திலிருந்தும் கேட்கின்றன.

அதேபோல் தமிழ்வழி. பதினோராம் வகுப்பில் ஆங்கில வழிக்கு மாறுவது கௌரவம் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலையில் 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. 2020இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, பள்ளிப் படிப்பு முழுவதுமே தமிழ்வழியில் இருந்தால்தான் அது செல்லும். மாறவே கூடாது என்று சொல்லவில்லை. டி.என்.பி.எஸ்.சி. எழுதப் போகிற பிள்ளை எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்று தெரிந்து மாறட்டும்.

தங்கைகளே, உங்களிடம் ஒரு வார்த்தை. “பக்கத்துப் பள்ளியில் உயிரியல் பிரிவு இல்லை, இருப்பதைப் படி” என்று வீட்டில் சொல்வார்கள். தம்பிக்கு என்றால் அடுத்த ஊருக்கு அனுப்புவார்கள். பஸ் பாஸ் இலவசம், பதினோராம் வகுப்பில் சைக்கிள் தருகிறார்கள், ஆதிதிராவிடர் நலத் துறை விடுதி இருக்கிறது. விடுதியின் நிலைமை எனக்கும் தெரியும், அதற்காகத் தனியே சண்டை போடுவோம். கேட்ட பிரிவு கிடைக்கிற பள்ளியைத் தேடுங்கள். வீட்டில் பேசப் பயமாக இருந்தால் எங்களைக் கூப்பிடுங்கள், வந்து பேசுகிறோம்.

சாதிச் சான்றிதழ் கையில் இல்லாதவர்கள் இப்போதே விண்ணப்பியுங்கள். சேர்க்கை நாளில் ஓட முடியாது. தனியாகப் போகாதீர்கள், நான்கைந்து குடும்பமாகச் சேர்ந்து போங்கள். பின்னால் மேசை போட்டு நம் மையத்தில் படித்து இப்போது கல்லூரியில் இருக்கும் பிள்ளைகள் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். மதிப்பெண் பட்டியலை எடுத்துக்கொண்டு அவர்களிடம் வாருங்கள். கடைசி பஸ் ஒன்பதரைக்கு, நேரம் இருக்கிறது.