களிமண்ணும் மிதக்கும்!

(இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து)



ஒரு வாளித் தண்ணீரில் களிமண் உருண்டையைப் போடுங்கள். மூழ்கிவிடும். அதையே எடுத்து, தட்டிப் பரப்பி, கிண்ணமாக்கி வையுங்கள். மிதக்கும்! எடை குன்றிமணி அளவும் குறையவில்லை. தன் எடைக்குச் சமமான தண்ணீரை விலக்கும் அளவுக்கு விரிந்துவிட்டது, அவ்வளவுதான். ஆர்க்கிமிடீஸ் கண்ட விதி இது. இரும்புக் கப்பலும் இப்படித்தான் மிதக்கிறது.

2008 செப்டம்பரில் அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் வங்கி திவாலானது. அடி எங்கே விழுந்தது? துபையிலும் விழுந்தது! கட்டடப் பணிகள் பாதியில் நின்றன. 2009 நவம்பரில் துபை வேர்ல்டு நிறுவனமே கடனைத் திருப்பிக் கட்ட அவகாசம் கேட்டது. வேலையிழந்து நம் ஊர்களுக்குத் திரும்பியவர்கள் எத்தனை பேர்!

மந்தம் வரும்போது தண்ணீரை நம்மால் மாற்ற முடியாது. நம் வடிவத்தை மாற்றலாம். 'எனக்கு இந்த வேலைதான் தெரியும்' என்று உருண்டையாக இறுகிக் கிடப்பவன் மூழ்குவான். கம்பி கட்டியவர் வயரிங் கற்கட்டும். சேல்ஸ்மேன் கணக்கெழுதக் கற்கட்டும்.

அந்தக் கிண்ணத்தில் சிறு துளை போட்டுப் பாருங்கள். கொஞ்சம் கொஞ்சமாக நீர் ஏறி மூழ்கும். வட்டிக்கடனும், ஊர் மெச்ச நடத்தும் கல்யாணமும் அந்தத் துளைதான். சம்பளம் வரும்வரை துளை தெரியாது. நின்ற மாதம் தெரியும். ஆறு மாதச் செலவுக்கான பணத்தை இப்போதே ஒதுக்கி வையுங்கள்.

வியாபாரிகளே! ஊர் திரும்பிய இளைஞனிடம் 'மறுபடி எப்போது பயணம்?' என்று கேட்காதீர்கள். கடைக்கு ஒருவரைச் சேர்த்துக்கொண்டு, கொள்முதலும் கணக்கும் கற்றுக் கொடுங்கள். அவன் மூழ்கினால் ஒரு குடும்பமே மூழ்கும்!